ரிப்போர்ட் கார்டு வாரத்தில் திறந்த கதவு

1889, ஜனவரி 31. ராத்திரி நேரம். வியன்னா நகரத்துக்கு வெளியே மயர்லிங் என்கிற கிராமம். அங்கே இருந்த அரச குடும்பத்தின் வேட்டை மாளிகை வாசலில் ஒரு கோச் வண்டி வந்து நின்றது. உள்ளேயிருந்து இரண்டு கனவான்கள் ஓர் இளம் பெண்ணைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். வண்டியில் ஏற்றி நடுவில் உட்காரவைத்தார்கள். ஆளுக்கொரு பக்கமாக அவர்களும் உட்கார்ந்துகொண்டார்கள். கோட்டு, தொப்பியெல்லாம் போட்டிருந்தாள் அந்தப் பெண். தூரத்திலிருந்து பார்த்தால், எங்கேயோ விருந்துக்குப் போய்விட்டுத் திரும்பும் குடும்பம் மாதிரிதான் தெரிந்திருக்கும்.

அந்தப் பெண் இறந்து ஒன்றரை நாளாகியிருந்தது!

பெயர் மேரி வெட்சேரா. வயது 17. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் அவளுடைய தாய்மாமன், இன்னொருவர் சித்தப்பா முறை. பிணம் என்று யாருக்கும் தெரியாதபடி, உயிரோடு இருப்பவளைப் போலவே கொண்டுபோகவேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. அப்படியே கொண்டுபோய், ஹைலிகன்க்ராய்ஸ் என்ற ஊரில் ஒரு மடாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், பொழுது விடிந்த கையோடு புதைத்துவிட்டார்கள். பெற்ற தாய்க்கு அங்கே வர அனுமதி இல்லை.

அவளோடு அதே அறையில் இறந்துகிடந்த ஆணுக்கு நேர்ந்ததே வேறு. அவர் ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யத்தின் பட்டத்து இளவரசர் ருடால்ஃப். வயது 30. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். மேரியைக் கொன்றுவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டார் என்பதுதான் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொள்ளும் முடிவு. அரண்மனை முதலில் ‘மாரடைப்பு’ என்று அறிவித்துப் பார்த்தது. வியன்னா அதை நம்பவில்லை. தற்கொலை என்று ஒப்புக்கொண்டால் இன்னொரு சிக்கல் - கத்தோலிக்க திருச்சபையின் முறைப்படி அடக்கம் செய்ய முடியாது. உடனே டாக்டர்கள் கூடினார்கள். ‘இளவரசரின் மூளையில் கோளாறு இருந்தது, அந்த நேரத்தில் அவர் சுயநினைவோடு இல்லை’ என்று சர்ட்டிஃபிகேட் தயாரானது. பிறகென்ன, ராஜ மரியாதையோடு, முன்னோர்கள் உறங்கும் கல்லறை மண்டபத்திலேயே அவருக்கு இடம் கிடைத்தது!

இந்தச் சம்பவத்தை ‘அமர காதல்’ என்று சொல்லி நாவல்கள் வந்தன, பாலே நடனம் வந்தது. 1936-லும் 1968-லும் சினிமாவாகவே எடுத்தார்கள். எனக்கென்னவோ இதைக் காதல் காவியம் என்று சொல்ல மனம் வரவில்லை. முப்பது வயது ஆண், கடுமையான மனச்சோர்வில் இருந்தவர், பதினேழு வயதுப் பெண்ணைத் துணைக்கு அழைத்துப்போயிருக்கிறார். அவ்வளவுதான். 2015-ல் வியன்னாவில் ஒரு வங்கியின் பழைய பெட்டகத்திலிருந்து, மேரி கடைசியாகத் தன் வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்தன. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தாள். ராணியாகப்போகும் காதலியின் கடிதமாக அது எனக்குப் படவில்லை. வீட்டில் பெரிய தப்புப் பண்ணிவிட்ட ஒரு ஸ்கூல் பெண் எழுதுகிற கடிதம்தான்.

மயர்லிங் கதையில் சினிமாக்காரர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத ஒரு பெண்மணி உண்டு. மிட்ஸி காஸ்பர். இளவரசரின் நீண்டநாள் தோழி. ‘என்னோடு சேர்ந்து செத்துப்போகிறாயா?’ என்று ருடால்ஃப் முதலில் கேட்டது இவரிடம்தான். அந்தப் பெண் முதலில் சிரித்திருக்கிறார். அப்புறம், ‘இந்த ஆள் நிஜமாகவே சொல்கிறார்’ என்று பயந்துபோய், 1888 டிசம்பரில் வியன்னா போலீஸுக்கே தகவல் சொன்னார். ‘இதையெல்லாம் வெளியே பேசாதே’ என்றதோடு சரி. யாரும் எதுவும் செய்யவில்லை. ஒரு மாதம் கழித்து இரண்டு சவங்கள்!

அதாவது, விஷயம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. சொல்லவேண்டியவர் சொன்னார். கேட்கவேண்டியவர்களுக்குத்தான் காது இல்லை.

இத்தனைக்கும் இந்த நகரத்தில்தான், அடுத்த நூறு வருடங்களில், உலகத்துக்கே தற்கொலைத் தடுப்பு என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்த ஒரு கூட்டம் உருவாகியது. அது வளர்ந்த விதம் தனிக் கதை.

அதுவரை மனித சமுதாயம் இந்த விஷயத்தை எப்படிப் பார்த்தது? ‘எங்கே புதைப்பது’ என்கிற ஒரே கேள்வியோடுதான்! மதம் இதைப் பாவம் என்றது. அரசாங்கம் குற்றம் என்றது. இங்கிலாந்தில் 1823 வரைக்கும், தற்கொலை செய்துகொண்டவரை நாற்சந்தியில் புதைத்து, உடலின் மீது கட்டை அறைவது சட்டப்படியே சாத்தியமாக இருந்தது. ஆவி எழுந்து வந்துவிடக்கூடாதாம். செத்தவருக்குத் தண்டனை கொடுப்பதில் இருந்த அக்கறை, அவர் உயிரோடு இருந்தபோது என்ன நினைத்தார் என்று விசாரிப்பதில் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான இன்னொரு அபத்தமும் இருந்தது. 1774-ல் ஜெர்மனியில் கதே என்கிற 25 வயது இளைஞர் ஒரு நாவல் எழுதினார். காதலில் தோற்றுச் சாகும் வெர்தர் என்ற வாலிபனின் கதை. ஐரோப்பாவே பைத்தியமானது. வெர்தர் போட்ட நீலக் கோட்டையும் மஞ்சள் வெய்ஸ்ட் கோட்டையும் இளைஞர்கள் யூனிஃபார்ம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். சிலர் அதோடு நிற்கவில்லை என்ற பேச்சும் பயமும் பரவ, 1775-ல் லைப்சிக் நகரம் நாவலைத் தடை செய்தது. ஒரு பக்கம் ‘பாவி’, இன்னொரு பக்கம் ‘காவிய நாயகன்’. இரண்டு பேருக்குமே வலி என்று ஒன்று இருக்கும் என்பது யார் கண்ணிலும் படவில்லை!

வியன்னாவுக்குத் திரும்புவோம். 1881-ல் வியன்னா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஓர் இளம் விரிவுரையாளர், ‘ஐரோப்பாவில் தற்கொலைகள் ஏன் அதிகரிக்கின்றன?’ என்று புள்ளிவிவரங்களைத் தோண்டி ஒரு புத்தகம் போட்டார். ‘இது தனி மனிதனின் கெட்ட புத்தி கிடையாது, சமூகத்தின் நோய்’ என்றார். காரணம் என்று அவர் சொன்னது, மத நம்பிக்கை தேய்ந்துபோனதையும் அரைகுறைப் படிப்பையும்! அதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. ஆனால், கேள்வியை அவர் திசைதிருப்பிவிட்டார் என்பது முக்கியம். பிரெஞ்சு சமூகவியல் மேதை எமில் துர்க்கெம் இதே தலைப்பில் தன் புகழ்பெற்ற புத்தகத்தை எழுதியது 1897-ல்தான், பதினாறு வருடம் கழித்து. அந்த வியன்னா விரிவுரையாளரின் பெயர் தாமஸ் மசாரிக். பிற்பாடு 1918-ல் செக்கோஸ்லோவாகியா என்ற புது நாட்டின் முதல் ஜனாதிபதியானவர் சாட்சாத் இவரேதான்.

அந்தக் கால வியன்னாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். ஜிம்னாஸியம் என்று பெயர். (உடற்பயிற்சிக்கூடம் என்று நினைத்துவிடாதீர்கள்!) எட்டு வருடப் படிப்பு. லத்தீன், கிரேக்கம், கணக்கு என்று மண்டையில் ஏற்றி, கடைசியில் ‘மட்டுரா’ என்ற பரீட்சை. அதில் தேறினால்தான் யூனிவர்சிட்டி, உத்தியோகம், கௌரவம், நல்ல இடத்தில் சம்பந்தம் எல்லாம். தேறாவிட்டால் குடும்பத்தின் மானம் போச்சு! நமக்கு ஒன்றும் புரியாத விஷயமில்லை. எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வெய்க் அங்கே படித்தவர். வாத்தியார் மேடை மேல், மாணவன் கீழே, நடுவில் மதிப்பெண் தவிர வேறு எந்த உறவும் கிடையாது என்கிற ரீதியில் அந்த நாட்களைப் பிற்பாடு கசப்போடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது, ஜெர்மன் மொழி பேசும் ஊர்களில் எல்லாம் ‘மாணவர் தற்கொலை’ என்பது பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடும் தலைப்பாகிவிட்டது. அதை வைத்து நாடகம் வந்தது, நாவல்கள் வந்தன. ‘பள்ளிக்கூடம்தான் கொல்கிறது’ என்று ஒரு கோஷ்டி. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நெஞ்சுரம் இல்லை. நாங்களெல்லாம் எத்தனை பிரம்படி வாங்கியிருக்கிறோம்!’ என்று இன்னொரு கோஷ்டி. ஆமாம், நூறு வருடத்துக்கு முன்பும் இதே டயலாக்தான்!

1910, ஏப்ரல் மாதம். வியன்னா சைக்கோ அனாலிசிஸ் சங்கத்தில் இரண்டு மாலைப் பொழுதுகள் இதற்காகவே ஒதுக்கப்பட்டன. தலைப்பு: ‘தற்கொலை - குறிப்பாக மாணவர்களிடையே’. தலைவர் நாற்காலியில் ஆல்ஃப்ரெட் ஆட்லர். பக்கத்தில் சிக்மண்ட் ஃப்ராய்ட்! விவாதத்தை ஆரம்பித்துவைத்தது டேவிட் ஓப்பன்ஹைம் என்கிற ஜிம்னாஸியம் வாத்தியார். சும்மா சொல்லக்கூடாது, டாக்டர்கள் கூட்டத்தில் ஓர் ஆசிரியரை முதலில் பேசவிட்டார்கள்.

ஓப்பன்ஹைம் தன் இனத்தைக் காப்பாற்றத்தான் பேசினார், பாதி நியாயத்தோடு. பரீட்சையில் தோற்கிற எல்லாப் பையன்களும் சாவதில்லையே? அப்படியென்றால், தோல்வி என்பது தீக்குச்சி மட்டும்தான், விறகு எங்கேயோ ஏற்கெனவே அடுக்கப்பட்டிருக்கிறது என்பது அவர் வாதம். ஆட்லர், அந்த விறகு குடும்பத்துக்குள் இருக்கிறது என்றார். தான் ஒன்றுக்கும் லாயக்கில்லை என்று சின்ன வயதிலிருந்தே உணரவைக்கப்பட்ட குழந்தை, ‘நான் போனபிறகு எல்லோரும் வருத்தப்படுவார்கள்’ என்று கற்பனை செய்கிறது. அவர்கள் வருத்தப்படுவதைப் பார்ப்பதற்குத் தான் இருக்கமாட்டோம் என்பது அந்த வயதில் சரியாக உறைப்பதில்லை. இன்னொருவர், அன்பு கிடைக்கும் என்ற நம்பிக்கை முழுசாக அற்றுப்போன பிறகுதான் ஒருவர் இந்த முடிவுக்கு வருகிறார் என்றார்.

எல்லோரும் பேசி முடித்தபிறகு ஃப்ராய்ட் சொன்னதுதான் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் சாராம்சம் இதுதான்: மாணவனைச் சாவை நோக்கித் தள்ளாமல் இருந்துவிட்டாலே தன் கடமை முடிந்தது என்று பள்ளிக்கூடம் நினைக்கக்கூடாது. வாழவேண்டும் என்ற ஆசையை அது கொடுக்கவேண்டும். வீட்டின் பிடியிலிருந்து ஒரு பிள்ளை மெள்ள விலகிக்கொண்டிருக்கும் வயது அது. அப்போது பிடித்துக்கொள்ள ஒரு கையாக இருக்கவேண்டும். பக்குவமில்லாமல் இருப்பதற்கு அந்த வயதில் அவர்களுக்கு உரிமை உண்டு என்பதையும் மறக்கக்கூடாது.

மற்றபடி, ‘ஏன் என்று நமக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை’ என்று ஒப்புக்கொண்டுதான் கூட்டத்தை முடித்தார் ஃப்ராய்ட். மகா மேதைகள் கூடிப் பேசிக் கலைந்த இந்த மாதிரி மீட்டிங்குகளில் பெரும்பாலும் வடையும் காபியும்தான் மிச்சம். இதில் ஒரு புத்தகம் மிஞ்சியது. கூடவே ஒரு மனமாற்றமும். செத்துப்போன பையனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல், ‘நாம் என்ன செய்தோம்?’ என்று பெரியவர்கள் தங்களையே கேட்டுக்கொண்டார்கள். அதுவும் வாத்தியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு!

ஆனால், கேள்வி கேட்பது வேறு, கதவைத் திறப்பது வேறு. அதற்கு இன்னும் பதினெட்டு வருடமும் ஒரு மருத்துவக் கல்லூரி மாணவனும் தேவைப்பட்டார்கள்.

விக்டர் ஃப்ராங்கல் 1905-ல் வியன்னாவில் பிறந்தவர். ஸ்கூல் படிக்கும்போதே ஃப்ராய்டுக்குக் கடிதம் போட்டுப் பதிலும் வாங்கிய ஆசாமி! முதல் உலகப் போர் முடிந்து, சாம்ராஜ்யம் சிதறி, ஒரு காலத்தில் அரண்மனைப் பட்டணமாக இருந்த வியன்னா வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்துக்கொண்டிருந்த காலம். ஃப்ராங்கல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மாணவர்கள் இறப்பது வருடம் முழுக்க ஒரே சீராக நடக்கவில்லை. ரிப்போர்ட் கார்டு கொடுக்கிற சமயத்தில் எண்ணிக்கை எகிறியது. மார்க்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டிய அந்தச் சில நாட்கள்தான் அபாயமான நாட்கள்.

இதற்குத் தத்துவமெல்லாம் தேவைப்படவில்லை அவருக்கு. 1928-லிருந்து இளைஞர்களுக்கான ஆலோசனை மையங்களை ஆரம்பித்தார். மையம் என்றால் பெரிய கட்டடம் கிடையாது. பேராசிரியை ஷார்லட் ப்யூலர், ருடால்ஃப் டிரைக்கர்ஸ் மாதிரியான நிபுணர்களைப் பிடித்து, ‘உங்கள் வீட்டிலோ கிளினிக்கிலோ வாரத்தில் சில மணிநேரம் ஒதுக்குங்கள்’ என்று கேட்டார். ஒதுக்கினார்கள். இலவசம். கவலையோடு இருக்கிற எந்தப் பையனும் பெண்ணும் நேராகப் போய் மணியடிக்கலாம். பெற்றோர் கூட வரவேண்டியதில்லை. நகர நிர்வாகமும் ஆதரவு கொடுத்தது. மற்ற ஊர்களும் இதைக் காப்பியடித்தன.

1930 வாக்கில், ரிப்போர்ட் கார்டு வாரங்களைக் குறிவைத்து ஸ்பெஷல் ஏற்பாடு செய்தார் ஃப்ராங்கல். விளைவு? அந்தப் பருவத்தில், பல வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாக, வியன்னாவில் ஒரு மாணவர்கூடத் தற்கொலை செய்துகொள்ளவில்லை!

அப்போது அவருக்கு வயது 25.

‘இது தற்செயலாக இருக்கலாமே, ஒரு வருடத்தை வைத்து எப்படிச் சொல்வது?’ என்று ஒரு புள்ளிவிவர நிபுணர் கேட்டால், அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனாலும் எனக்கு இந்த விஷயத்தில் பிடித்தது வேறு. பரீட்சையை ஃப்ராங்கல் ஒழிக்கவில்லை. அதற்கு அவருக்கு அதிகாரமும் இல்லை. மார்க் ஷீட் கைக்கு வருவதற்கும் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கும் நடுவில் இன்னொரு வீட்டுக் கதவைத் திறந்துவைத்தார். ‘திட்டமாட்டேன், உட்கார்’ என்று சொல்ல அங்கே ஒரு பெரியவர் இருந்தார்.

பிறகு ஹிட்லர் வந்தார். 1938-ல் ஆஸ்திரியா அவர் கைக்குப் போனது. யூதரான ஃப்ராங்கல் 1942-ல் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கேயும் மனிதர் சும்மா இருக்கவில்லை. புதிதாக ரயிலில் வந்து இறங்கும் கைதிகள் முதல் அதிர்ச்சியில் உடைந்துபோவதைப் பார்த்து, அவர்களைச் சந்தித்துப் பேச ஒரு குழுவையே அமைத்தார். அதில் அவரோடு வேலை செய்தவர் ரெஜினா யோனஸ். உலகின் முதல் பெண் யூத மதகுரு. 1944-ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அன்றைக்கு விவாதத்தை ஆரம்பித்துவைத்த ஓப்பன்ஹைம் வாத்தியாரும் இதே தெரேசியன்ஸ்டாட்டில்தான் 1943-ல் இறந்தார். (இன்று உலகப்புகழ் பெற்ற தத்துவப் பேராசிரியர் பீட்டர் சிங்கர் அவருடைய மகள் வயிற்றுப் பேரன்.)

போர் முடிந்தது. 1948-ல், குண்டுவீச்சின் இடிபாடுகள்கூட முழுசாக அகற்றப்படாத வியன்னாவில், எர்வின் ரிங்கல் என்ற 27 வயது டாக்டர், தற்கொலைத் தடுப்புக்கென்றே ஒரு மையத்தை ஆரம்பித்தார். இந்த மாதிரி மையங்களில் உலகின் முன்னோடி. அவர் அடுத்ததாகச் செய்த காரியம் ரொம்ப எளிமையானது. அதுவரை யாரும் உருப்படியாகச் செய்யாதது. உயிர் பிழைத்த 745 பேரிடம் உட்கார்ந்து, ‘அதற்கு முந்தைய நாட்களில் உங்கள் மனதுக்குள் என்ன நடந்தது?’ என்று கேட்டார்!

கிடைத்த பதில்களில் ஒரு பொதுவான வடிவம் இருந்தது. உலகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகுகிறது. முதலில் நண்பர்கள் விலகுகிறார்கள், பிறகு பிடித்த விஷயங்கள் பிடிக்காமல் போகின்றன, பிறகு வேறு வழி எதுவுமே கண்ணுக்குத் தெரிவதில்லை. சுரங்கப்பாதைக்குள் நடப்பது மாதிரி. வெளியே காட்ட முடியாத கோபம் உள்பக்கமாகத் திரும்புகிறது. சாவைப் பற்றிய கற்பனைகள், முதலில் ஆறுதலாகத் தோன்றி, பிற்பாடு தானாகவே வந்து மொய்க்கின்றன. 1953-ல் ரிங்கல் இதைப் புத்தகமாக எழுதினார். ‘திடீர்னு இப்படிப் பண்ணிட்டானே’ என்று நாம் சொல்வது எவ்வளவு தப்பு என்று அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. நமக்குத்தான் திடீர். அவனுக்கு அது பல நாள், பல வாரம். முக்கியமாக, அந்தச் சுரங்கத்துக்கு மறுமுனை உண்டு. உயிர் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதற்குப் பிறகு தற்கொலையால் சாவதில்லை.

‘சொல்றவன் செய்யமாட்டான்’ என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதைப்போல ஆபத்தானது வேறு எதுவும் கிடையாது. பெரும்பாலோர் ஏதோ ஒரு விதத்தில் முன்கூட்டியே சொல்கிறார்கள். மிட்ஸி காஸ்பரிடம் ருடால்ஃப் சொல்லவில்லையா? அதேபோல, ‘நாமாகப் போய்க் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஏற்படுத்திவிடுவோமோ’ என்று பயப்படுவதும் தேவையில்லாதது. ‘செத்துடலாம்னு தோணுதா?’ என்று அமைதியாகக் கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்றும், மாறாகக் கேட்கப்பட்டவருக்குப் பாரம் குறைகிறது என்றும்தான் ஆய்வுகள் சொல்கின்றன.

வியன்னாவில் ரிங்கல் என்றால் லண்டனில் சாட் வாரா. 1935-ல் அவர் இருபத்து மூன்று வயது இளம் பாதிரியார். முதன்முதலாக அவர் நடத்திவைத்த இறுதிச் சடங்கு ஒரு பதினான்கு வயதுச் சிறுமிக்கு. அவள் இறந்ததற்குக் காரணம்? முதல் மாதவிடாய். அதை ஏதோ அசிங்கமான வியாதி என்று நினைத்துக்கொண்டாள் அந்தக் குழந்தை! ‘பயப்படாதே, எல்லோருக்கும் வருவதுதான்’ என்று சொல்ல ஓர் அம்மா, ஓர் அத்தை, ஒரு டீச்சர், யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும். எத்தனையோ புள்ளிவிவரங்களைப் படித்த பிறகும், இந்த ஒரு சம்பவத்தைத் தாண்டிப்போக என்னால் முடிவதில்லை.

வாராவும் தாண்டிப்போகவில்லை. 1953-ல் லண்டனில் தன் தேவாலயத்தில் ஒரு டெலிபோன் வைத்து, ‘சாக நினைப்பவர்கள் எனக்குப் போன் பண்ணுங்கள்’ என்று அறிவித்தார். நேரிலும் கூட்டம் வந்தது. அவரைப் பார்ப்பதற்காகக் காத்திருந்தவர்களுக்கு டீ கொடுக்கச் சில தன்னார்வலர்கள் உதவிக்கு வந்தார்கள். கொஞ்ச நாளில் வாரா ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். டீ குடித்துக்கொண்டே அந்தத் தன்னார்வலர்களிடம் பேசியவர்களில் பலர், பாதிரியாரைப் பார்க்காமலேயே தெளிந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்! உபதேசம் தேவைப்படவில்லை. கேட்பதற்கு ஆள் தேவைப்பட்டது. ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பு இப்படித்தான் பிறந்தது.

அந்தக் கிளையில் துளிர்த்த ஒன்று நம் சென்னையிலும் இருக்கிறது. 1986-ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சிநேகா’. அந்தக் காலத்தில் நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது தெரியுமோ? உயிர் பிழைத்தால் ஒரு வருடம் வரை ஜெயில்! வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிவைத்த 309-வது பிரிவு. எழுதியவனே தன் ஊரில் 1961-ல் இந்தக் குற்றத்தைத் தூக்கிக் கடாசிவிட்டான். நாம் விடாமல் காப்பாற்றினோம். 2017-ன் மனநலச் சட்டம்தான் அதன் பல்லைப் பிடுங்கியது. 2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டம் வந்தபோதுதான் அந்தப் பிரிவு ஏட்டிலிருந்தே மறைந்தது.

சட்டம் அப்படி இருந்ததால் வீடுகளில் என்ன நடந்தது? போலீஸ், கேஸ், ஊர்ப்பேச்சு, நாளைக்கு அடுத்த பெண்ணின் கல்யாணம்... எல்லாம் சேர்ந்து வாயை மூடவைத்தன. ‘தீராத வயிற்று வலி காரணமாக’ என்று எத்தனை செய்திகள் படித்திருக்கிறோம்! ஆஸ்திரிய அரண்மனை சொன்ன ‘மாரடைப்பு’க்கும் இந்த ‘வயிற்று வலி’க்கும் என்ன பெரிய வித்தியாசம்? பிழைத்துவந்த பிள்ளையை டாக்டரிடம் அழைத்துப்போகவேண்டிய நேரத்தில், ஊருக்குத் தெரியாமல் மறைப்பதில்தான் குடும்பத்தின் மொத்த சக்தியும் செலவானது.

2022-ம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, அந்த ஒரு வருடத்தில் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். எல்லாமே பரீட்சையால் என்று நினைத்தால், ஓப்பன்ஹைமின் விறகை மறந்து தீக்குச்சியை மட்டும் பார்க்கிற கதைதான். அதில் மனச்சோர்வு நோய் இருக்கும். வீட்டுக்குள் அடி இருக்கும். வெளியே சொல்ல முடியாத பாலியல் தொல்லை இருக்கும். ஜாதியைச் சொல்லிச் செய்த அவமானம் இருக்கும். காதல் இருக்கும். சமயத்தில் இவற்றில் நாலைந்து ஒன்றாக இருக்கும். மறுநாள் பேப்பரில் மட்டும் ‘அம்மா திட்டியதால்’ என்று ஒரே ஒரு காரணம் வரும். அந்த அம்மா மிச்ச ஆயுள் முழுக்க அந்த இரண்டு வார்த்தைகளோடு குடித்தனம் நடத்தவேண்டும்.

தீக்குச்சியைப் பிடுங்குவதும் வீண்வேலையல்ல, அதையும் சொல்லவேண்டும். ஃபெயிலானால் ஒரு வருஷம் போச்சு என்ற நிலையை மாற்றி, ஓரிரு மாதத்திலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்று தமிழ்நாடு கொண்டுவந்தது நல்ல காரியம். 2017-லிருந்து ப்ளஸ் டூ, பத்தாம் வகுப்பில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். அம்மா அப்பா இரண்டு பக்கமும் நின்று ஸ்வீட் ஊட்டும் அந்த போட்டோ இல்லாமல் மே மாதம் ஒன்றும் மூழ்கிப்போய்விடவில்லை. ரிசல்ட் சமயத்தில் 104-க்கு போன் செய்தால் பேச ஆள் இருக்கிறார்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ எண் 14416. வருடம் முழுக்க, இருபத்து நாலு மணிநேரமும், தமிழிலேயே பேசலாம். இந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது உங்கள் மனசு கனத்திருந்தால், முதலில் அந்த எண்ணுக்குப் பேசிவிட்டு வாருங்கள். கட்டுரை எங்கேயும் ஓடிப்போகாது.

மீதி இருப்பது பத்திரிகைக்காரர்களைப் பற்றிய சமாசாரம். இதிலும் வியன்னாதான் முன்னோடி. 1980-களின் நடுவில், அந்த நகரத்தின் ஒரு குறிப்பிட்ட பொது இடத்தில் தற்கொலைகள் அதிகரித்தன. (எந்த இடம், எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. ஏன் என்பது இந்தப் பாராவிலேயே புரிந்துவிடும்.) பத்திரிகைகள் ஒவ்வொன்றையும் முதல் பக்கத்தில், படத்தோடு, விலாவாரியாகப் போட்டன. போடப்போட எண்ணிக்கை ஏறியது. 1974-லேயே டேவிட் ஃபிலிப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு, நம் பழைய நீலக்கோட்டு நாயகனின் பெயரால், ‘வெர்தர் விளைவு’ என்று பெயர் வைத்திருந்தார். 1987 ஜூனில் ஆஸ்திரிய நிபுணர்கள் ஆசிரியர்களைச் சந்தித்து, முதல் பக்கம் வேண்டாம், விவரம் வேண்டாம், ஒற்றைக் காரணம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பத்திரிகைகள் ஒப்புக்கொண்டன. அந்த வருடத்தின் முற்பாதியோடு ஒப்பிட்டால், பிற்பாதியில் அங்கே நடந்த தற்கொலைகள் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தன. ஒரு பைசா செலவில்லை!

2010-ல் அதே வியன்னாவிலிருந்து இன்னொரு ஆராய்ச்சி வந்தது. தாமஸ் நீடர்க்ரோடன்தாலர் என்ற டாக்டரும் அவருடைய குழுவும் சுமார் ஐந்நூறு செய்திகளை அலசினார்கள். ஒரு மனிதர் சாகலாம் என்ற கட்டத்துக்கு வந்து, அதைக் கடந்து மீண்டுவந்த கதையைச் சொல்லும் செய்திகள் வெளியான சமயங்களில், தற்கொலை எண்ணிக்கை குறைவதைக் கண்டார்கள். இதற்கு ‘பாபகேனோ விளைவு’ என்று பெயர் வைத்தார்கள்.

யார் இந்த பாபகேனோ? மொஸார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஆபராவில் வரும் ஓர் அசட்டுப் பறவை பிடிப்பவன். 1791-ல் இதே வியன்னாவில் அரங்கேறியது. தன் ஜோடியைப் பறிகொடுத்துவிட்டோம் என்று உடைந்துபோய், சாகத் தீர்மானித்து, கடைசியாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறான் அவன், யாராவது தடுக்கமாட்டார்களா என்று ரொம்ப நிதானமாக. அப்போது மூன்று சின்னப் பையன்கள் வருகிறார்கள். அவனிடம் ஏற்கெனவே இருக்கும் மந்திர மணிகளை ஞாபகப்படுத்துகிறார்கள். அவன் மணியை அடிக்கிறான், அவள் வந்துவிடுகிறாள். அந்த மூன்று பாத்திரங்களையும் வியன்னாவில் இன்றைக்கும் பெரும்பாலும் ஸ்கூல் படிக்கும் பையன்கள்தான் பாடுகிறார்கள்.